ஐபீஸில் ஒரே இருட்டு! தொலைநோக்கி பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. புதிதாகத் தொலைநோக்கி வாங்கியிருக்கிறார்கள், இரண்டு மூன்று இரவு முயன்றிருக்கிறார்கள், எதுவும் சரியாகத் தெரியவில்லை. இப்படியே விட்டால் அந்தக் கருவி பரணுக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும், அதனால் இந்தப் பகுதி முழுவதையும் இம்முறை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

மகளுக்காக ஒரு தொலைநோக்கி வாங்கினோம். 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத் தூரம். 25, 10, 4 என்று எழுதிய, கண் வைத்துப் பார்க்கும் மூன்று ஐபீஸ்களும், படத்தை இன்னும் பெரிதாக்கும் ஒரு பார்லோ லென்ஸும் வந்தன. பெட்டியில் '525 மடங்கு' என்று போட்டிருக்கிறது. மூன்று நாளாக மாறி மாறிப் பார்த்துவிட்டோம், ஒன்று கறுப்பாக இருக்கிறது, இல்லையென்றால் சாம்பல் நிறத்தில் ஏதோ மங்கலாக ஓடுகிறது. பழுதான கருவியைக் கொடுத்துவிட்டார்களா?

பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எந்த ஐபீஸைப் போட்டுப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. 4 மி.மீ. ஐபீஸ், அதோடு பார்லோ. அந்த 525 வருவதே அந்தச் சேர்க்கையில்தான். குழாயின் குவியத் தூரத்தை ஐபீஸில் எழுதியிருக்கும் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும்: 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175, அதை 3 மடங்கு பார்லோ 525 ஆக்குகிறது. கணக்கில் பொய் இல்லை. ஆனால் அந்த நிலையில் உங்கள் கண்ணுக்குக் கிடைக்கும் வானத்துண்டு நிலாவின் அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான், அதற்குள் எதையாவது கொண்டுவந்து நிறுத்துவது மிகப் பழகியவர்களுக்கே கஷ்டம், அப்படியே நிறுத்தினாலும் பூமி சுற்றிக்கொண்டிருப்பதால் 25 வினாடிக்குள் அது ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விடும். அந்த மங்கலான ஓட்டம் இதுதான்.

இப்போது 25 மி.மீ. ஐபீஸை எடுங்கள். எண் பெரிதாக இருந்தால் உருப்பெருக்கம் குறைவு, இது பலருக்கும் முதலில் தலைகீழாகப் படும். 700-ஐ 25-ஆல் வகுத்தால் 28 மடங்கு. மூன்று நிலாக்களைப் பக்கம் பக்கமாக வைத்தாலும் இடம் மிஞ்சும், ஒரு நட்சத்திரம் நடுக்கோடு வழியாகக் கடக்க ஏழு நிமிடம் ஆகும். எல்லாத் தேடலையும் இதில்தான் தொடங்க வேண்டும், பார்லோவையும் 4 மி.மீ.-ஐயும் இப்போதைக்குப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்தது, இரவுக்குக் காத்திருக்காமல் பகலிலேயே வெளியே கொண்டு போங்கள். சூரியன் இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குறைந்தது அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஏதாவது ஒரு கூர்மையான பொருளை, ஒரு டவரின் உச்சி, ஒரு கம்பத்தின் நுனி, அப்படி ஒன்றைக் குழாயைக் கொண்டே குத்துமதிப்பாகக் குறிபாருங்கள். ஃபோகஸ் திருகை மெதுவாக, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்புங்கள். எங்கோ ஓரிடத்தில் படம் பளிச்சென்று விழும். அந்த உச்சியை நடுவில் நிறுத்திப் பூட்டுத் திருகுகளை இறுக்கிவிட்டு, குழாயின் மேல் குறிபார்ப்பதற்கென்று இருக்கும் சின்ன ஃபைண்டரில் பாருங்கள். அங்கே அது நடுவில் இருக்காது, நிச்சயம் எங்கோ ஓரத்தில் கிடக்கும். ஃபைண்டரைச் சுற்றியுள்ள சின்னத் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகி, குறுக்குக் கோடோ சிவப்புப் புள்ளியோ அதே உச்சியில் வந்து உட்காரும்படி செய்யுங்கள். முடிந்தது. இனி இரவில் ஃபைண்டரில் எது நடுவில் இருக்கிறதோ அது ஐபீஸிலும் இருக்கும்.

இந்த ஒரு வேலையைச் செய்யாமல் நான் ஒரு மாதத்துக்கு மேல் திணறியிருக்கிறேன், அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை. ஒரு மாலை தற்செயலாகக் குழாய் ஒரு டவர் பக்கம் திரும்பியிருந்தபோது, ஃபோகஸ் திருகை உருட்டிக்கொண்டே இருந்தவனுக்குத் திடீரென்று ஒரு காக்கை தெரிந்தது. தலைகீழாக உட்கார்ந்து, அலகைக் கம்பியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தீட்டிக்கொண்டிருந்தது, கழுத்தில் சாம்பல் நிறம் எங்கே தொடங்குகிறது என்பது வரை தெரிந்தது. கருவியில் ஒரு குறையும் இல்லை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

தலைகீழாகத் தெரிவதைச் சரிசெய்ய முடியாதா?

வானத்தைப் பார்க்க அது தேவையில்லை, வியாழனுக்கு மேல் கீழ் என்று ஒன்றும் இல்லை. கண்ணாடி வைத்த நியூட்டோனியன் வகையில் படம் முழுதாகத் தலைகீழாக இருக்கும். லென்ஸ் வகையில், கழுத்து வலிக்காமல் பார்க்க ஒரு வளைந்த துண்டு வருகிறதே, அந்த டயகனலைப் போட்டால் நேராகத்தான் தெரியும், ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியில் போல இடம் வலமாகிவிடும். பகலில் பறவை பார்ப்பதற்கென்று எல்லாவற்றையும் நேராக்கும் பட்டகம் தனியாக உண்டு. இரவில் அதை மாட்டாதீர்கள், கொஞ்சம் ஒளியைத் தின்றுவிடும்.

அப்படியானால் உருப்பெருக்கம் முக்கியமே இல்லையா? வேறு எதைப் பார்த்துத்தான் கருவியை எடைபோடுவது?

முன்னால் இருக்கும் லென்ஸ் அல்லது கண்ணாடியின் விட்டம். அதுதான் எல்லாம். தொலைநோக்கி முதன்மையாக ஒளியைச் சேகரிக்கும் கருவி, பெரிதாக்குவது அதற்கப்புறம் நடக்கும் வேலை. நல்ல இருட்டில் நம் கண்மணி சுமார் 7 மி.மீ. விரிகிறது என்று வைத்துக்கொண்டால், 70 மி.மீ. லென்ஸ் அதைப்போல 10 மடங்கு அகலம், பரப்பில் 100 மடங்கு. அதாவது வெறும் கண்ணுக்கு வருவதைவிட 100 மடங்கு ஒளி உங்களுக்கு வருகிறது. 150 மி.மீ. கண்ணாடி என்றால் 450 மடங்குக்கு மேல். வந்த ஒளி வந்த ஒளிதான், அதை இன்னும் பெரிதாக விரித்தால் மெலியும்: உருப்பெருக்கத்தை இரண்டு மடங்காக்கினால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது, கால்வாசி வெளிச்சம்தான் மிஞ்சும்.

விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், அதுதான் உச்ச வரம்பு. 70-க்கு 140. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், ஆனால் புதிதாக ஒரு விவரமும் சேராது. அந்த 140-ம் காற்று அசையாமல் நிற்கும் இரவுகளில்தான் கைகொடுக்கும். என் பெரும்பாலான இரவுகள் 30-க்கும் 120-க்கும் நடுவிலேயே கழிகின்றன, குறைபட்டதில்லை.

எவ்வளவு பெரிதாக்கினாலும் நட்சத்திரம் புள்ளியாகவே இருக்கிறது. திருகைத் திருப்பினால் பெரிய வட்டமாகி, நடுவில் கறுப்பாக ஓட்டை தெரிகிறது. அது என்ன, கருந்துளையா?

நடுவில் தெரியும் கறுப்பு உங்கள் தொலைநோக்கிக்குள் இருக்கும் சின்னக் கண்ணாடியின் நிழல். ஃபோகஸ் விலகியிருக்கிறது என்று அர்த்தம். வட்டம் சுருங்கிச் சுருங்கி, இதற்கு மேல் சிறிதாக முடியாது என்ற இடத்துக்கு வரும்வரை திருப்புங்கள், அதுதான் சரியான ஃபோகஸ். நட்சத்திரங்கள் இருக்கும் தூரத்துக்கு நம் கருவிகளில் அவை என்றைக்கும் புள்ளிகள்தான். (விலகிய நிலையில் அந்தக் கறுப்பு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், கண்ணாடிகளின் கோணம் தப்பியிருக்கிறது. பின்பக்கத் திருகுகளை வைத்துச் சரிசெய்யலாம், காலிமேஷன் என்பார்கள்.)

ஆனால் புள்ளிகளிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. சப்தரிஷி மண்டலத்தின் வாலில், நடுவில் இருக்கும் வசிட்டரைப் பாருங்கள். பக்கத்தில் அருந்ததி மங்கலாக வெறும் கண்ணுக்கே தெரியும். தொலைநோக்கியில் 70 மடங்கில் வைத்தால் வசிட்டர் தானே இரண்டாகப் பிரிவார், ஒன்று பிரகாசமாக, ஒன்று சற்று மங்கலாக, நடுவில் மயிரிழை போல இருட்டு. முதல் தடவை அந்த இடைவெளி கண்ணில் படும்போது வாய்விட்டு ஏதாவது சொல்லாமல் இருக்க முடியாது.

முதலில் எதைப் பார்ப்பது? நிலாவைப் பார்த்தோம், வெள்ளைத் தட்டு போல இருந்தது, கண் கூசியது, அவ்வளவுதான்.

பௌர்ணமி அன்று பார்த்திருக்கிறீர்கள்! நிலாவைப் பார்க்க அதைவிட மோசமான நாள் கிடையாது. அன்றைக்குச் சூரிய ஒளி நேராக விழுவதால் எங்கும் நிழல் இருக்காது, நிழல் இல்லாவிட்டால் பள்ளமும் மேடும் ஒன்றுதான். தைக்கோ பள்ளத்திலிருந்து நாலாபக்கமும் ஓடும் வெள்ளைக் கீற்றுகளைப் பார்க்க மட்டும் பௌர்ணமி நல்லது. கூசுவதால் கண்ணுக்குக் கெடுதல் ஒன்றும் வராது.

வளர்பிறை ஏழாம், எட்டாம், ஒன்பதாம் நாட்களில் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் அந்தக் கோட்டை ஒட்டியே பாருங்கள், மற்ற இடங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கோட்டில் இருக்கும் ஊர்களுக்கு, அப்படி ஊர் இருந்தால், அப்போதுதான் விடிகிறது. 10 மி.மீ. ஐபீஸைப் போட்டு, கோட்டுக்கு இருட்டுப் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே கவனித்தால், சுற்றிலும் கரும் இருட்டு, நடுவில் குண்டூசி முனை போல ஒரு வெளிச்சப் பொட்டு தனியாக நிற்கும். அது ஒரு மலையின் உச்சி. அடிவாரம் இன்னும் இரவில் கிடக்கிறது, உச்சியில் மட்டும் வெயில் பட்டுவிட்டது. இடத்தை நன்றாகக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள், அந்தப் பொட்டு நீண்டிருக்கும், பக்கத்தில் இன்னொன்று முளைத்திருக்கலாம். நிலாவின் நடுப்பகுதியில் விடியல் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது, சைக்கிளில் கூடவே போகலாம். ஒன்பதாம் நாள் வாக்கில் கோப்பர்நிகஸ் பள்ளம் அந்தக் கோட்டுக்கு வரும். 93 கிலோமீட்டர் அகலம், கரையெல்லாம் படிக்கட்டு போலச் சரிந்து இறங்குவதும் நடுவில் சின்ன மலைக்கூட்டம் இருப்பதும் 70 மி.மீ. கருவியிலேயே தெரியும். அரை மணி நேரமாவது அதிலேயே நில்லுங்கள், பார்க்கப் பார்க்கத்தான் கண் விவரங்களைப் பிடிக்கத் தொடங்கும்.

அடுத்து வியாழன். 28 மடங்கிலேயே சின்ன வட்டமும் அதன் இருபக்கமும் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகளாக அதன் நிலாக்களும் தெரிந்துவிடும், சில நாள் மூன்றுதான் இருக்கும், ஒன்று பின்னாலோ முன்னாலோ போயிருக்கும். கலிலியோ 1610 ஜனவரியில் ஏறக்குறைய 20 மடங்கு கருவியில் பார்த்தது இவற்றைத்தான், உங்கள் மகளிடம் இருப்பது அவர் வைத்திருந்ததைவிட எவ்வளவோ மேல். ஒரு நோட்டில் வட்டமும் புள்ளிகளும் வரைந்து நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள், நாளைக்கு வரைவது வேறு மாதிரி இருக்கும். நான்கில் உள்ளே இருக்கும் அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடுகிறது, பொறுமை இருந்தால் ஒரே இரவில் அது நகர்வதைப் பிடிக்கலாம். 70 மடங்கில் வியாழனின் மேல் இரண்டு பழுப்புப் பட்டைகளும் தெரியும்.

சனியின் வளையம் 30 மடங்கிலிருந்தே அடையாளம் தெரியும், 70-இல் நன்றாக இருக்கும். 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நேராக நம் பக்கம் திரும்பியதால் அது ஏறக்குறைய மறைந்தே போயிற்று, சுமார் 15 வருடத்துக்கு ஒருமுறை இப்படி வரும். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது, 2032 வாக்கில் நன்றாக விரிந்திருக்கும். செவ்வாய் மட்டும் ஏமாற்றும், 26 மாதத்துக்கு ஒருமுறை பூமிக்கு அருகில் வரும் சில வாரங்களைத் தவிர அது சின்ன ஆரஞ்சுப் பொட்டுதான்.

எந்த நாளில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஸ்டெல்லாரியம் என்ற மென்பொருள் போதும், கணினிக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

பத்திரிகைகளில் வரும் படங்களில் நெபுலா என்னும் விண்வெளி மேகமெல்லாம் சிவப்பும் நீலமுமாக இருக்கிறது. எனக்குச் சாம்பல் புகைதான் தெரிகிறது.

உங்களுக்குத் தெரிந்ததுதான் எல்லாருக்கும் தெரியும். மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. கேமரா பல நிமிடங்கள், சில சமயம் பல மணி நேரம் ஒளியைச் சேர்த்து வைக்கிறது, கண்ணால் அப்படிச் சேர்த்து வைக்க முடியாது. ஆனால் கண்ணைப் பழக்கலாம். 20 முதல் 30 நிமிடம் எந்த வெளிச்சத்தையும் பார்க்காமல் இருங்கள், செல்போன் திரையை ஒரு தடவை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து, விளக்கு வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். அப்புறம் மங்கலான பொருளை நேராக முறைக்காமல் அதற்குச் சற்றுப் பக்கத்தில் பாருங்கள். கண்ணின் ஓரப் பகுதிதான் இருட்டில் மங்கலான ஒளியை நன்றாக உணரும். திருவாதிரை இருக்கும் ஓரியன் மண்டலத்தில், நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே தொங்கும் வாளில் ஒரு நெபுலா இருக்கிறதே, அதில் இதைச் செய்து பாருங்கள். பக்கத்தில் பார்க்கும்போது புகை இரண்டு பக்கமும் இறக்கை போல விரியும், நேராகப் பார்த்ததும் சுருங்கிவிடும். அதன் நெஞ்சில் நான்கு குட்டி நட்சத்திரங்கள் நெருக்கமாக இருக்கும். கார்த்திகைக் கூட்டத்துக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், 25 மி.மீ. ஐபீஸில் அப்படியே கொட்டிக் கிடக்கும்.

கூடவே 'சூரியனுக்கு' என்று ஒரு சின்னக் கறுப்புக் கண்ணாடி வந்திருக்கிறது, ஐபீஸில் திருகிக்கொள்வது போல. அதைப் போட்டுச் சூரியனைப் பார்க்கலாமா?

பார்க்கவே கூடாது. இப்போதே எடுத்து, வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி உடைத்துக் குப்பையில் போடுங்கள். லென்ஸ் சேர்க்கும் வெப்பம் முழுவதும் குவியும் இடத்துக்கு அருகில் அந்தச் சின்னக் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது, சூடேறி எந்த நொடியிலும் விரிசல் விடலாம், அந்த நொடியில் உங்கள் கண் பின்னால் இருக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் எச்சரிக்கை கூடக் கிடைக்காமல் நிரந்தரமாகப் பார்வை போய்விடும்.

சூரியனைப் பார்க்க ஒரே வழி, குழாயின் முன்பக்கம் முழுவதையும் மூடும், சூரியனுக்கென்றே செய்த வடிகட்டி. ஒளி உள்ளே நுழைவதற்கு முன்னாலேயே அதைக் குறைத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, காற்றில் கழன்றுவிடாதபடி ஒட்டிவிட்டு, ஃபைண்டரைக் கழற்றியோ மூடியோ வைத்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். எக்ஸ்ரே படம், புகை படிந்த கண்ணாடி, குளிர்க் கண்ணாடி எதுவும் கூடாது. பகலில் கருவியைக் குழந்தைகளிடம் தனியாக விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள்.

எடைக்கல் எல்லாம் வைத்த ஈக்வட்டோரியல் மவுண்ட் என்ற தாங்கி வந்திருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் வேறு பக்கம் போகிறது.

அதன் ஒரு அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும், அதற்காகத்தான் அந்தச் சாய்வு. சாய்வுக் கோணத்தை நீங்கள் இருக்கும் இடத்தின் அட்சரேகைக்கு வைத்து, அந்த அச்சை வடக்கே துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்புங்கள் (பூமியின் தென்பாதியில் இருப்பவர்கள் தென்துருவத்தை நோக்கி). கண்ணால் பார்ப்பதற்குத் தோராயமாக இருந்தால் போதும். அப்புறம் எடைக்கல்லை நகர்த்தி, பூட்டைத் தளர்த்தினாலும் குழாய் சரியாமல் நிற்கும்படி சமன் செய்யுங்கள். இதன் பலன் என்னவென்றால், ஒரு கோளைப் பிடித்துவிட்டால் ஒரே ஒரு திருகை மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தாலே அது கூடவே வரும். எனக்கென்னவோ, முதல் கருவிக்கு மேலும் கீழும் இடமும் வலமும் மட்டும் திரும்பும் எளிய தாங்கிதான் பிடிக்கும். பெட்டி போன்ற அடித்தளத்தில் உட்காரும் டாப்சோனியன் அந்த வகையில் மிக நல்லது.

மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டே பார்க்க வேண்டுமா?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிடலாம், ஃபோகஸ் திருகே அதைச் சரிசெய்துவிடும். சிலிண்டர் பவர் அதிகம் இருந்தால் போட்டுக்கொண்டே பாருங்கள்.

படம் தண்ணீருக்குள் இருப்பது போல நெளிகிறது. ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம்.

ஜன்னலை விட்டு வெளியே வாருங்கள். கண்ணாடி மூடியிருந்தால் அது படத்தைக் கெடுக்கும், திறந்திருந்தால் அறைக்குள்ளிருந்து வெளியேறும் சூடான காற்று கெடுக்கும். வெயிலில் காய்ந்த சிமென்ட் தரையும் கூரையும் இரவு வெகுநேரம் வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், மண்தரையோ புல்தரையோ கிடைத்தால் அங்கே வையுங்கள். கருவியை வெளியே வைத்து அரை மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு நட்சத்திரங்கள் படபடவென்று மின்னும் இரவு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அன்று மேல்காற்று கலங்கியிருக்கிறது. கோள்களுக்கு அது ஆகாது, குறைந்த உருப்பெருக்கத்தில் நட்சத்திரக் கூட்டங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

லென்ஸில் தூசி படிந்துவிட்டது. துடைக்கலாமா?

வேண்டாம். கொஞ்சம் தூசியால் படத்தில் ஒரு வித்தியாசமும் வராது, துணியால் தேய்த்து விழும் கீறல் போகவே போகாது. அழுத்தினால் காற்றடிக்கும் ரப்பர் பந்தால் ஊதிவிடுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். தூசியைவிடப் பூஞ்சைக்குத்தான் பயப்பட வேண்டும். பனி படிந்த கருவியை உள்ளே கொண்டுவந்ததும் மூடியைப் போட்டு அடைக்காமல், ஈரம் தானாக உலர்ந்த பிறகு மூடுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள்.

நிலாவில் மனிதர்கள் நட்ட கொடி தெரியுமா?

தெரியாது. 100 மி.மீ. கருவியால் நிலாவில் ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்குக் குறைந்த எதையும் பிரித்துக் காட்ட முடியாது. 1969-இல் அப்பல்லோ 11 இறங்கிய அமைதிக் கடலை மட்டும் தாராளமாகப் பார்க்கலாம், வெறும் கண்ணுக்கே தெரியும் கறுப்புத் திட்டுகளில் அது ஒன்று.

நான் இன்னும் வாங்கவில்லை. எது வாங்கட்டும்?

வானம் உங்களுக்குக் கொஞ்சமும் பழக்கம் இல்லையென்றால், முதலில் ஒரு 7×50 அல்லது 10×50 பைனாகுலர் (முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது லென்ஸின் விட்டம் மி.மீ.-இல்) எடுத்து, சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு சில வாரம் பாருங்கள். வியாழனின் நிலாக்களும், கார்த்திகைக் கூட்டமும், இருட்டான இடமாக இருந்தால் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலமும் அதிலேயே கிடைத்துவிடும். அந்த மங்கலான நீள்வட்டத் திட்டிலிருந்து வரும் ஒளி கிளம்பி 25 லட்சம் வருடம் ஆகிறது. தொலைநோக்கிதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், தூக்கிக்கொண்டு வெளியே போகச் சோம்பல் வராத எடையில், உங்களால் முடிந்த பெரிய விட்டம், ஆடாத தாங்கி. வாங்கும் முன் குழாயை விரலால் லேசாகத் தட்டி ஐபீஸில் பாருங்கள், ஓரிரண்டு வினாடியில் ஆட்டம் நின்றுவிட வேண்டும். ஐந்து வினாடி தாண்டியும் ஆடிக்கொண்டே இருந்தால், லென்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை எடுக்காதீர்கள்.